தங்கப் பதக்கமும் வெள்ளிப் பதக்கமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த ஆளைப் பத்தி இன்னிக்கு எழுதிடறேன். ரிச்சர்ட் ஃபிரான்சிஸ் பர்ட்டன். பேரைக் கேட்டதும் எலிசபெத் டெய்லரோட புருஷன்தானேன்னு கேக்கறவங்க எல்லாம் பெஞ்சு மேல ஏறி நில்லுங்க. அவர் நடிகர். நம்மாளு அவருக்கு நூறு வருஷம் முந்தினவர். 1821-ல பொறந்து 1890-ல போய்ச் சேர்ந்த சிப்பாய், ஊர்சுற்றி, மொழிப் பைத்தியம்.

காலேஜ் மூணாவது வருஷத்துல லைப்ரரியில தற்செயலா இவரைப் பத்தின ஒரு புத்தகம் கையில சிக்குச்சு. மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். படிக்க வேண்டியதைப் படிக்காம ராத்திரி பூரா இதைப் படிச்சேன். டெஸ்ட்ல என்ன மார்க்குன்னு கேக்காதீங்க. அன்னியிலேர்ந்து ஏழெட்டு வருஷம் 'உனக்குப் பிடிச்ச ஆளு யாருடா'ன்னு எவன் கேட்டாலும் பர்ட்டன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல தலைவரோட பராக்கிரமம். அதைச் சொல்லாம குறை சொன்னா நியாயமில்லை.

அப்பா ராணுவ அதிகாரி. பிரான்சு, இத்தாலின்னு ஊர் ஊரா சுத்தி வளர்ந்ததால சின்ன வயசுலயே பல மொழி நாக்குல ஒட்டிக்கிச்சு. ஆக்ஸ்ஃபோர்டுல சேர்த்துவிட்டாங்க. போகக்கூடாதுன்னு சொன்ன குதிரைப் பந்தயத்துக்குப் போனதுக்காக 1842-ல வெளிய அனுப்பிட்டாங்க. நேரா கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துல சேர்ந்து அதே வருஷம் பம்பாய் வந்து எறங்கினார். 18-வது பம்பாய் காலாட்படை, பரோடாவுல போஸ்டிங். மத்த அதிகாரிங்க வேட்டை, சீட்டாட்டம்னு இருக்கறப்ப இவர் முன்ஷி வெச்சு மொழி படிச்சார். 1843-லயே இந்துஸ்தானி, குஜராத்தி ரெண்டுலயும் பரீட்சை எழுதி முதலா வந்தார். அப்புறம் மராத்தி, சிந்தி, பாரசீகம், அரபி. மொத்தம் 29 மொழின்னு ஒரு கணக்கு சொல்றாங்க. குரங்குங்களை வீட்டுல வளர்த்து அதுங்க போடற சத்தத்தை எல்லாம் எழுதிவெச்சு அகராதி போடப் பார்த்தாராம். இது அவர் மனைவி இசபெல் எழுதின வாழ்க்கை வரலாற்றுல வர்ற கதை. நமக்கெல்லாம் ஜாவா ஒண்ணு ஒழுங்கா வந்தாலே பெரிய விஷயம்!

சிந்துல சார்லஸ் நேப்பியர் கீழ வேலை பார்த்தப்ப மிர்ஸா அப்துல்லான்னு பேர் வெச்சுக்கிட்டு, பாதி ஈரான் பாதி அரபு ரத்தம் ஓடற வியாபாரி வேஷத்துல கடைவீதியில கடை போட்டு உக்காருவார். சொந்தப் படைக்காரங்களுக்கே அடையாளம் தெரியாதாம்.

நடுவுல உடம்பு சரியில்லாமப் போய் 1847-ல மருத்துவ விடுப்புல எங்க வந்தார்ங்கறீங்க? நம்ம ஊட்டிக்கு! கோவா, மலபார் வழியா வந்து ஊட்டி, கோத்தகிரின்னு சுத்திட்டுப் போய் அதைப் புத்தகமாவும் போட்டார். 'கோவாவும் நீலமலையும்', 1851. அவரோட முதல் புத்தகமே அதுதான். காப்புரிமை எல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன புத்தகம், தேடினா இணையத்துல கிடைக்கும். ஊட்டி அவருக்குப் பெருசா பிடிக்கல. மழையையும் வெள்ளைக்காரங்களோட விருந்து கூத்தையும் நல்லா நக்கலடிச்சிருக்கார். தோடர், கோத்தர் பத்தி எல்லாம் எழுதியிருக்கார். படிக்கறப்ப சிரிப்பு வரும். ரெண்டு பக்கம் தள்ளி, 'யோவ், யாரைப் பத்திப் பேசறே நீ'ன்னு கடுப்பும் வரும். அந்தக் கடுப்பை அப்ப நான் கண்டுக்கல.

1853-ல உச்சக்கட்டம். இந்தியாவுல வளர்ந்த பட்டாணி வைத்தியர்னு சொல்லிக்கிட்டு ஹஜ் கூட்டத்தோட மதீனா, மெக்கா ரெண்டுக்கும் போயிட்டு வந்தார். மாட்டியிருந்தா உயிர் போயிருக்கும். ஐரோப்பியர்கள் அதுக்கு முன்னாடியும் போயிருக்காங்க, ஆனா இவ்ளோ விவரமா எழுதினவங்க குறைவு. 1855 ஜனவரியில எத்தியோப்பியாப் பக்கம் ஹரார் நகரத்துக்குள்ள நுழைஞ்சு பத்து நாள் இருந்துட்டு உயிரோட திரும்பினார். ஏப்ரல்ல பெர்பராவுல முகாமைத் தாக்கினாங்க. ஈட்டி ஒரு கன்னத்துல பாஞ்சு மறு கன்னம் வழியா வந்துடுச்சு. அப்படியே ஓடித் தப்பிச்சிருக்கார். போட்டோவுல அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

இவ்ளோ படிச்ச இருபது வயசுப் பையன் விசிறியாகாம என்ன செய்வான்?

சரி, மேட்டருக்கு வருவோம்.

1857-ல நைல் நதியோட மூலத்தைத் தேடி பர்ட்டனும் ஸ்பீக்கும் சான்சிபார்லேர்ந்து கிளம்பினாங்க. ஜான் ஹானிங் ஸ்பீக்கும் கம்பெனி ராணுவ அதிகாரிதான், பெர்பராவுல கூட அடி வாங்கினவர். ஜூன் மாசம் கடற்கரையில ஆரம்பிச்ச நடை, டாங்கனிக்கா ஏரி கண்ணுல பட்டப்ப 1858 பிப்ரவரி. எட்டு மாசம். பர்ட்டனுக்குக் காய்ச்சல் முத்தி நடக்கவே முடியல, தூக்கிட்டுப் போனாங்க. ஸ்பீக்குக்குக் கண் நோய், ஏரிக்கரையில நின்னப்ப ஏரியே சரியாத் தெரியல.

திரும்பற வழியில காசே-ன்னு ஒரு ஊரு, இன்னிக்கு தான்சானியாவுல இருக்கற தபோரா. அங்க இருந்த அரபு வியாபாரிங்க வடக்க இன்னும் பெரிய ஏரி ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க. பர்ட்டனுக்கு உடம்பும் முடியல, மனசும் இல்லை. அரபுக்காரங்க கூட அரபியில பேசிக்கிட்டு குறிப்பு எழுதிட்டு உக்காந்துட்டார். ஸ்பீக் மட்டும் போனார். 1858 ஆகஸ்ட் 3-ம் தேதி அந்த ஏரியைப் பார்த்துட்டு இதுதான் நைலோட மூலம்னு சொன்னார். விக்டோரியான்னு பேரும் வெச்சார்.

இங்கதான் எனக்கு முதல் முடிச்சு விழுந்துச்சு. ஸ்பீக்குக்கு அரபியும் தெரியாது, சுவாஹிலியும் தெரியாது. மொழியில புலி பர்ட்டன். அப்ப மொழி தெரியாத ஆளு யார்கிட்ட என்ன பேசி அந்த ஏரி வரைக்கும் போய்ச் சேர்ந்தார்?

பாம்பே கூட பேசினார். பாம்பேங்கறது ஆளோட பேரு. சிடி முபாரக் பாம்பே.

பாம்பே, யாவோ இனத்தைச் சேர்ந்தவர். இன்னிக்கு தான்சானியா-மொசாம்பிக் எல்லை இருக்கற பக்கம். சின்னப் பையனா இருக்கறப்ப ஊருக்குள்ள புகுந்து பிடிச்சுட்டுப் போய் கில்வா துறைமுகத்துல வித்துட்டாங்க. வாங்கினவன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தான். முதலாளி சாகற வரைக்கும் பல வருஷம் அடிமை வேலை. அவன் செத்த பிறகுதான் விடுதலை. அங்க இருந்த காலத்துல கத்துக்கிட்டதுதான் இந்துஸ்தானி. திரும்ப ஆப்பிரிக்கா போய் சான்சிபார் சுல்தானோட படையில சிப்பாயா இருந்தப்ப பர்ட்டன் கோஷ்டி அவரை வேலைக்கு எடுத்துச்சு. ஆக இவரும் சிப்பாயா இருந்து ஊர்சுத்தினவர்தான்.

ஸ்பீக் இந்துஸ்தானியில சொல்வார். பாம்பே அதை சுவாஹிலியில மத்தவங்களுக்குச் சொல்வார். உள்ளூர்க்காரங்க சொல்றது அதே வழியில திரும்பி வரும். அந்த ஏரி உலக வரைபடத்துல ஏறினது இந்தச் சங்கிலி வழியாத்தான்.

பர்ட்டன் அரபி கத்துக்கிட்டது ஆர்வத்துல. பாம்பே இந்துஸ்தானி கத்துக்கிட்டது, முதலாளி சொல்றது புரியலைன்னா அடி விழும்ங்கற நெலமையில. ஒருத்தருக்குப் பேரு மொழி மேதை. இன்னொருத்தருக்குப் பேரு வழிகாட்டி.

பர்ட்டன் மிர்ஸா அப்துல்லா வேஷத்தை சாயங்காலம் கழட்டி வெச்சுட்டு ராணுவ மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகலாம். பாம்பேயால எதைக் கழட்ட முடியும்? அந்தப் பேரே அவரோட அம்மா அப்பா வெச்ச பேரு இல்லியே.

இதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. 1860-ல ஸ்பீக் திரும்ப வந்தார், கூட ஜேம்ஸ் கிரான்ட். பாம்பேயும் போனார். 1862-ல ஏரியிலேர்ந்து நைல் வெளிய போற இடத்தைப் பார்த்துட்டு நைல் ஓரமாவே கீழ எறங்கி 1863-ல கெய்ரோ வரைக்கும் வந்துட்டாங்க. 1871-ல லிவிங்ஸ்டனைத் தேடி ஸ்டான்லி வந்தார். அந்தப் புகழ்பெற்ற சந்திப்பு நடந்த உஜிஜிக்குப் போன கூட்டத்துல பாம்பே இருந்தார். 1873-ல கேமரன் வந்தார். ரெண்டு வருஷத்துக்கும் மேல நடந்து 1875-ல ஆப்பிரிக்காவோட அந்தப் பக்கம், அட்லாண்டிக் கரையைத் தொட்டாங்க. அதுலயும் பாம்பே.

டாங்கனிக்கா, விக்டோரியா, நைல், கெய்ரோ, அட்லாண்டிக். இதுல அஞ்சும் பர்ட்டன் கணக்குல இல்லை. ஸ்பீக், ஸ்டான்லி, கேமரன் யார் கணக்கு அதுவரைக்கும் எடுத்தாலும் இல்லை. பாம்பே கணக்குல மட்டும்தான் இருக்கு.

லண்டன் ராயல் ஜியக்ரஃபிகல் சொசைட்டி 1859-ல பர்ட்டனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்துச்சு. பாம்பேக்கு வெள்ளிப் பதக்கம், பின்னாடி ஒரு ஓய்வூதியம். 1885-ல செத்துப்போனார். அவர் கைப்பட எழுதின ஒரு வரி நமக்குக் கிடைக்கல. தெரிஞ்சதெல்லாம் அவரைக் கூட்டிட்டுப் போனவங்க எழுதினதுதான். பாருங்க, நானும் 'கூட்டிட்டுப் போனவங்க'ன்னே எழுதறேன். யாரு யாரைக் கூட்டிட்டுப் போனாங்க?

சரி, பாம்பே விஷயம் ஒண்ணுதானேன்னு திரும்ப பர்ட்டனைப் படிக்க ஆரம்பிச்சேன். இந்தத் தடவை ஓரத்துல நிக்கற ஆளுங்களா கண்ணுல பட்டாங்க. மெக்கா பயணத்துல ஷேக் நூர்னு ஒரு இந்தியப் பையன் வேலைக்காரனா கூடவே போயிருக்கான். 1883-ல வந்த காமசூத்திர மொழிபெயர்ப்பு இன்னிக்கும் 'பர்ட்டன் காமசூத்திரம்'னுதான் விக்குது. சமஸ்கிருதத்துலேர்ந்து பாடுபட்டுக் கொண்டுவந்தது பகவான்லால் இந்திராஜியும் சிவராம் பரசுராம் பிடேவும். பர்ட்டனும் அவர் நண்பர் ஆர்பத்னாட்டும் ஆங்கிலத்தைச் செதுக்கினாங்க. அட்டையில யாரு பேரு பெருசா இருக்குன்னு புத்தகக் கடையில பார்த்துக்குங்க. 1885-ல வந்த ஆயிரத்தொரு இரவுகள்ல கூட ஜான் பெய்ன்கறவரோட முந்தைய மொழிபெயர்ப்பிலேர்ந்து நெறைய எடுத்துக்கிட்டதா ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இதைவிட உறுத்தினது இன்னொண்ணு. அரபு நாட்டைப் பத்தி எழுதறப்ப அந்த மனுஷன் எவ்ளோ மரியாதையா எழுதறார்! அதே கை, 1860-ல வந்த மத்திய ஆப்பிரிக்கப் பயணப் புத்தகத்துல ஆப்பிரிக்கர்களைப் பத்தி எழுதறப்ப அப்படியே மாறுது. சோம்பேறி, குழந்தைப் புத்தின்னு பக்கம் பக்கமா. 1863-ல, இனத்துக்கு இனம் உயர்வு தாழ்வு பேசின லண்டன் மானிடவியல் சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல இவரும் ஒருத்தர். சுவாஹிலி அவருக்குத் தெரியும். இலக்கணம் தெரியும், பழமொழி தெரியும். அந்த மொழி பேசினவங்களைப் பத்தின அபிப்பிராயம் மட்டும் மாறல.

ஒரு மொழி தெரிஞ்சா அந்த மக்களைப் புரிஞ்சுக்கலாம்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கு. எனக்கும் இருந்துச்சு. பர்ட்டனைப் படிச்சப்புறம் போயிடுச்சு. மொழி கதவு மாதிரி. உள்ள போனப்புறம் உக்காந்து பேசறதும், வீட்டை நோட்டம் விட்டுட்டு வர்றதும் போறவன் கையில இருக்கு.

உடனே ஒருத்தர் கேப்பார்னு தெரியும். 'அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானய்யா, இன்னிக்கு அளவுகோலை எடுத்துட்டுப் போய் 1858-ஐ அளக்கலாமா?'

நியாயமான கேள்வி. ஆனா அந்தக் காலத்து அளவுகோல்லயே அளப்போமே. ஸ்பீக் ஒண்ணும் மகான் கிடையாது. இனத்தைப் பத்தி அவர் எழுதினதும் படிக்கச் சகிக்காது. ஒருதடவை கோவத்துல பாம்பேயைக் கையால அடிச்சதை அவரே எழுதியிருக்கார். ஆனா அதே ஸ்பீக், பாம்பேயை உக்காரவெச்சு, உன்னை எப்படிப் பிடிச்சாங்க, எங்க வித்தாங்க, இந்தியாவுல என்ன பண்ணினேன்னு கேட்டு, அவர் சொன்னதை 1864-ல வந்த புத்தகத்துல போட்டார். அடிமையா வித்த கதை இன்னிக்கு நமக்குத் தெரியறதே அதனாலதான். ஆக, அந்தக் காலத்துலயும் கேக்க முடிஞ்சிருக்கு. பர்ட்டனும் பாம்பேயை நல்ல உழைப்பாளின்னு பாராட்டத்தான் செஞ்சார். ஆனா 29 மொழி தெரிஞ்சவர் விட்ட கேள்வியை அரைகுறை இந்துஸ்தானி தெரிஞ்சவர் கேட்டிருக்கார்.

ஸ்பீக் கதையும் நல்லபடியா முடியல. எது நைலோட மூலம்னு ரெண்டு பேருக்கும் ஊரறிய சண்டை. 1864 செப்டம்பர் 16-ல பாத் நகரத்துல நேருக்கு நேர் விவாதம்னு ஏற்பாடு. முந்தின நாள் வேட்டைக்குப் போன இடத்துல சொந்தத் துப்பாக்கி வெடிச்சு ஸ்பீக் செத்துட்டார். விபத்தா தற்கொலையான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. 1875-ல ஸ்டான்லி விக்டோரியா ஏரியைச் சுத்தி வந்தப்ப ஸ்பீக் சொன்னதுதான் சரின்னு ஆச்சு. பர்ட்டன் தூதரக வேலையில பிரேசில், டமாஸ்கஸ்னு சுத்திட்டு கடைசி 18 வருஷத்தை திரியெஸ்தேல கழிச்சு 1890-ல செத்தார். கடைசியா எழுதிட்டிருந்த கையெழுத்துப் பிரதியை இசபெல் எரிச்சுட்டாங்க. லண்டன்ல மோர்ட்லேக்குங்கற இடத்துல கூடாரம் மாதிரி கல்லுல கட்டின கல்லறை. நல்லாத்தான் இருக்கும்.

இப்ப என் கதை. பெங்களூர் வந்த புதுசுல, 'மூணே மாசத்துல கன்னடம்'னு இதே இடத்துல ஒரு பதிவு போட்டேன். வீட்டு ஓனர்கிட்ட கன்னடத்துலயே பேசி அட்வான்ஸ் குறைச்சேன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டதும் அதுலதான். நெறைய பேர் வந்து வாழ்த்திட்டுப் போனீங்க.

உண்மை என்னன்னா, அன்னிக்கு ஓனர்கிட்ட பேசினது நான் இல்லை. எங்க தெருமுனை டீக்கடையில வேலை பாக்கற அசாம் பையன். வயசு இருபது இருக்கும். எனக்கு வாயில வந்தது நாலு வார்த்தை. மிச்சத்தை அவன்தான் பேசினான். அசாமி, வங்காளம், இந்தி, கன்னடம், என்கிட்ட பேசறது தமிழ். அஞ்சு மொழி. என் ரெஸ்யூம்ல 'தெரிந்த மொழிகள்' கட்டத்துல மூணை எழுதிட்டுப் பெருமையா உக்காந்திருக்கேன். அவனுக்கு அந்தக் கட்டமே கிடையாது. பதினஞ்சு வயசுல ரயில் ஏறினவன், அந்தந்த ஊர் பாஷை தெரியலைன்னா அன்னிக்கு சோறு இல்லைங்கறதால கத்துக்கிட்டது. பாம்பேயை யாரோ பிடிச்சு வித்தாங்க, இவன் தானா ரயில் ஏறினான், ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா என் பதிவுல அவன் இல்லைங்கறது மட்டும் பர்ட்டன் புத்தகம் மாதிரியேதான் இருக்கு.

அதனால பர்ட்டனைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். படிங்க, மெக்கா பயணத்தைக் கண்டிப்பா படிங்க. அந்தத் துணிச்சலும் உழைப்பும் நிஜம். ஆனா படிக்கறப்ப ஒவ்வொரு பக்கத்துலயும் 'நான் போனேன், நான் பேசினேன்'னு வர்ற இடத்துல கொஞ்சம் நின்னு, பக்கத்துல யாரு இருந்தான்னு தேடுங்க. பாதி நேரம் அங்கயே ஒரு பேரு கிடைக்கும். நாம பயணக் கட்டுரை எழுதறோமே, அதுலயும் ஆட்டோக்காரர், கைடு, லாட்ஜ் பையன்னு பேரில்லாமதானே வர்றாங்க. இனிமே நானாவது கேட்டு எழுதலாம்னு இருக்கேன்.

நேத்து சாயங்காலம் டீக்கடையில அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லி, பழைய பதிவுல உன் பேரைச் சேர்த்துடட்டுமான்னு கேட்டேன். 'பேரெல்லாம் வேணாம்ணா, ஓனரு பார்த்தா நான் புரோக்கர் வேலை பண்றேன்னு திட்டுவாரு'ன்னு சிரிச்சான். அதனால பேர் இல்லாமலே அந்தப் பதிவைத் திருத்திட்டேன். அட்வான்ஸைக் குறைச்சது அவன்தான்.

பி.கு: அன்னிக்கு வாழ்த்தினவங்க எல்லாரும் வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கலாம். கோவிச்சுக்க மாட்டேன். பாம்பே மாதிரி ஓரத்துல நின்ன ஆளுங்க வேற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.